பழைய உழவு இயந்திரமும் மீள்குடியேறியவரின் கடனும்

1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தபோது விட்டுவந்த உழவு இயந்திரம் என் உறவினருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. விடுவிக்கப்பட்ட காணியை உழுவதற்காக, சுன்னாகத்தில் பழைய குபோட்டா ஒன்றைப் பார்க்கப் போனோம்.

எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்தது. ஆறவிட்டு மீண்டும் இயக்கச் சொன்னேன். நீலப்புகை வந்தது, எஞ்சின் ஒயில் எரிகிறது. விலையைக் குறைக்கக் கேட்டோம்.

"புதுசின்ர விலையை விசாரிச்சனீங்களோ?" என்றார் விற்பவர்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர் 2022 இல் 360 வரை ஏறியது. எங்கள் பேரம் பேசும் பலம் அங்கேயே போய்விட்டது.

பதிவுப் புத்தகத்தில் லீசிங் நிறுவனத்தின் பெயர் இருந்தது. கடன் தீர்த்த கடிதம் காட்டும்வரை முற்பணம் கொடுக்கவேண்டாமென்று தடுத்தேன்.

காணியை விடுவிப்பதோடு மீள்குடியேற்றம் முடிவதில்லை. உழவுக்குக் குறைந்த வட்டிக் கடன் இல்லையென்றால், முதல் விளைச்சல் லீசிங்காரருக்கே போகும்.