வீட்டோடு ஒரு தொழில்: சின்ன உயிர்களுக்கு ஒரு புகலிடம்



திருகோணமலைக் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். கணவரை இழந்தவர், இரண்டு பிள்ளைகளின் தாய். 80 லீற்றர் கடல்நீர்த் தொட்டி ஒன்றை அமைத்து விடுதி ஒன்றின் வரவேற்பறையில் வைத்திருக்கிறார். அதற்கு மாதவாடகை கிடைக்கிறது. கற்களுக்கு நடுவே இரண்டு கோமாளி மீன்கள், சில இறால்கள், நத்தைகள் என்று அழகாகத்தான் இருந்ததாம். இப்போது எவ்வளவு சுரண்டினாலும் ஒரு கிழமைக்குள் கற்களில் பச்சைப் பாசி மூடிவிடுகிறது. இப்படியே இருந்தால் தொட்டியை எடுத்துவிடும்படி விடுதிக்காரர் சொல்லிவிட்டார். கடைக்காரரோ ‘ரெபியூஜியம்’ ஒன்றை வாங்கிப் பூட்டச் சொல்கிறார். அதன் விலைக்குக் கிழமைக் கடன் எடுக்கலாமா, எந்த வகையை வாங்குவது என்பதே அவரது கேள்வி.

முதலில் ரெபியூஜியம் என்றால் என்னவென்று பார்ப்போம். அது இலத்தீன் சொல். புகலிடம் என்பது பொருள். அகதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதே வேரிலிருந்து வந்ததுதான். புகலிடம் என்றால் என்னவென்று நமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

களப்பு ஓரத்தில் வளர்ந்த சகோதரிகள் இதைக் கண்ணால் கண்டிருப்பார்கள். கண்டல் வேர்களுக்கிடையிலும் கடற்புற்களுக்குள்ளும் கைவிட்டால் கூனியும் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் துள்ளும். பெரிய மீன் அங்கே இலகுவில் நுழையாது. ஒதுங்க இடம் இருப்பதால்தான் சின்னவை பிழைக்கின்றன. தொட்டிக்கும் அப்படி ஓர் இடத்தை அமைத்துக் கொடுப்பதே ரெபியூஜியம். பெரிய தொட்டியின் நீரே அதற்குள் போய் வரும், ஆனால் மீன்கள் போகமாட்டா.

இதனால் மூன்று பயன்கள் உண்டு. ஒன்று, கோப்பிபொட், அம்பிபொட் என்னும் நுண்ணிய உயிர்கள் அங்கே பெருகி, பெரிய தொட்டிக்கு உயிருள்ள உணவாக வந்து சேரும். இரண்டு, அங்கே நாம் வளர்க்கும் நல்ல பாசி, மீனின் கழிவிலிருந்து வரும் நைத்திரேற்றையும் பொஸ்பேற்றையும் உறிஞ்சிவிடும். கற்களில் படரும் பாசிக்கு உணவு குறையும். மூன்று, இரவில் அங்கே விளக்கு எரிந்தால் பாசி காபனீரொட்சைட்டை எடுத்துக்கொள்ளும். அதனால் இரவில் நீரின் அமிலத்தன்மை அதிகம் கூடாது.

ஆனால் சகோதரி, எதையும் வாங்குவதற்கு முன் இரண்டு விடயங்களைப் பாருங்கள். விடுதிக்கு வருகிறவர்கள் ஆசைக்கு உணவு போடுகிறார்களா? இரண்டு சின்ன மீனுக்கு ஒரு நாளில் ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே போதும். அடுத்தது, வற்றிய நீருக்குப் பதிலாக எந்த நீரை ஊற்றுகிறீர்கள்? நீர் ஆவியாகும்போது உப்பு தொட்டியிலேயே நின்றுவிடும். ஆகவே கடல்நீரை அல்ல, நன்னீரையே ஊற்ற வேண்டும். அதிலும் கிணற்று நீர் வேண்டாம். உரம் போடும் தோட்டங்களுக்கு அருகிலுள்ள கிணறுகளில் நைத்திரேற்று கூடுதலாக இருக்கும். யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் இது பல காலமாக அறியப்பட்ட பிரச்சினை. கையால் பாசிக்கு உரம் ஊற்றிக்கொண்டு புகலிடம் வாங்குவதில் பயனில்லை. ஆர்.ஓ. முறையில் வடித்து விற்கப்படும் குடிநீரை ஊற்றுங்கள்.

இவற்றைச் சரிசெய்த பின்னும் தேவையென்றால், வகைகளைப் பார்ப்போம்.

தொட்டிக்குள்ளேயே தடுப்பு வைப்பது ஒரு வகை. செலவு குறைவு, ஆனால் 80 லீற்றரில் மீனுக்கான இடம் சுருங்கிவிடும். தொட்டியின் பின்புறம் தொங்கவிடும் பெட்டி இரண்டாவது. கடைக்காரர் காட்டுவது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். பூட்டுவது சுலபம், ஆனால் பல பெட்டிகள் மிகச் சிறியவை. தொட்டி நீரில் பத்தில் ஒரு பங்காவது கொள்ளாத பெட்டியால் பெரிய பலன் இராது. உங்களுக்கு 8 லீற்றருக்குக் குறைந்தது வேண்டாம், 15 லீற்றர் என்றால் நல்லது. மூன்றாவது, தொட்டிக்குக் கீழே வைக்கும் தொட்டி. இடம் தாராளம். ஆனால் மின்சாரம் நின்றதும் மேலிருந்து நீர் கீழே இறங்கும். அதற்குரிய வெற்றிடத்தை விடாதவர்களின் வீடு நனைந்துவிடும். 2022 ஆம் ஆண்டில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லையே.

நான் உங்களுக்குச் சொல்வது நான்காவது வகை, தொட்டியைவிட உயரத்தில் வைக்கும் பெட்டி. 25 லீற்றர் கொள்ளும் பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றை எடுங்கள். உணவுப்பொருள் வைக்கத் தகுந்ததாக இருக்க வேண்டும். 15 லீற்றர் நீர் நிற்கும் உயரத்தில் பக்கத்தில் துளையிட்டு, ஓர் அங்குலக் குழாய் பொருத்துங்கள். அதன் வாயில் பிளாஸ்ரிக் வலை கட்டுங்கள். சிறிய பம்பி ஒன்று தொட்டியிலிருந்து நிமிடத்துக்கு இரண்டு லீற்றர் நீரை மேலே ஏற்றினால் போதும். நீர் தானாகவே குழாய் வழியே திரும்பி வரும். அப்படி வரும்போது நுண்ணுயிர்கள் பம்பியில் அடிபடாமல் உயிரோடு தொட்டிக்குள் விழும்.

இரண்டு காவல்கள் தேவை. மேலே ஏறும் குழாயின் முனை பெட்டியின் நீருக்கு மேலே நிற்கட்டும். நீருக்குள் இருந்தால் மின்சாரம் நின்றதும் பெட்டி நீர் வந்தவழியே திரும்பிவிடும். பம்பியைத் தொட்டியின் அடியில் வைக்காமல், நீர்மட்டத்துக்கு இரண்டு அங்குலம் கீழே வையுங்கள். பாசி அடைத்து நீர் திரும்பாமல் போனாலும் அந்த இரண்டு அங்குல நீர்தான் மேலே ஏறும். அதைப் பெட்டியின் வெற்றிடம் தாங்கிவிடும். 15 லீற்றர் நீர் 15 கிலோ பாரம், தட்டு உறுதியாக இருக்கட்டும்.

இனி எந்தப் பாசி? இதில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். கொத்துக் கொத்தாகத் திராட்சை போலிருக்கும் கோலேர்பாவின் அழகில் மயங்கி அதைத்தான் முதலில் வளர்த்தேன். வேகமாக வளர்ந்தது. வெட்ட மனமில்லாமல் விட்டுவிட்டேன். ஒருநாள் விடியப் பார்த்தால் தொட்டி முழுவதும் கழுநீர் போலக் கலங்கி, மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மூன்றில் ஒன்றுதான் தப்பியது. பிறகுதான் அறிந்தேன், அந்தப் பாசி இனப்பெருக்கம் செய்யும்போது தன் உடலையே நீரில் கரைத்துவிடும். உறிஞ்சிய கழிவெல்லாம் ஓர் இரவில் திரும்பி வந்து, நீரின் ஒட்சிசனும் குறைந்துவிடும்.

ஆகவே கேற்றோமோர்பா என்னும் பாசியைத் தேடுங்கள். சிக்குப்பட்ட பச்சை நூல்பந்து போலிருக்கும். எங்கும் வேர்விடாது, இலகுவில் கரையாது. நன்றாக நடக்கும் வேறொரு தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி வாங்கினால் நுண்ணுயிர்களும் அதனோடு வந்துவிடும். விளக்கு விசேடமானதாக இருக்க வேண்டியதில்லை. பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருக்கும் வெள்ளை எல்.ஈ.டி. மின்குமிழ் போதும். பெரிய தொட்டியின் விளக்கு அணைந்ததும் இதை ஏற்றி, காலையில் அணையுங்கள். உப்புநீர் தெறிக்காத இடத்தில் கட்டுங்கள்.

பந்து பெட்டியை நிறைத்ததும் மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிடுங்கள். இதுதான் முக்கியம். பாசி உறிஞ்சிய கழிவு, பாசியை வெளியே எடுக்கும்போதுதான் தொட்டியை விட்டுப் போகிறது. உப்பைக் கழுவிவிட்டுப் பூமரத்தடியில் போடலாம்.

ஓரிரு மாதம் பொறுங்கள். அதுவரை கிழமைக்கு ஒருமுறை 8 லீற்றர் நீரை மாற்றி வாருங்கள். விடுதிக்காரரிடமும் இந்தத் தவணையைக் கேளுங்கள், தொட்டியில் என்ன செய்கிறீர்கள் என்பதைக் காட்டியே கேளுங்கள். கற்கள் போதாதென்று கடலில் முருகைக்கல் உடைக்கப் போகவேண்டாம். அது சட்டப்படி குற்றம். உண்மையான புகலிடத்தை உடைத்துத் தொட்டிக்குள் புகலிடம் கட்டுவதில் நியாயமும் இல்லை.

கடன் விடயத்தில் என் பதில் இதுதான்: வேண்டாம். பெட்டி, குழாய், சிறு பம்பி, மின்குமிழ் இவ்வளவும் ஒரு மாத வாடகையைக் கொண்டு ஒவ்வொன்றாக வாங்கக் கூடியவை. பாசி குறைய மாதங்கள் எடுக்கும். கிழமைக் கடன்காரர் ஏழாம் நாளே வாசலில் வந்து நிற்பார்.

தொட்டி தெளிந்ததும் ஒரு வரி எழுதுங்கள், சகோதரி. தெளியாவிட்டாலும் எழுதுங்கள். எங்கே பிழைத்தது என்று சேர்ந்து பார்ப்போம்.