காயம்பட்ட மூளையை எந்த மொழியில் சோதிப்பது?

விபத்தில் தலையில் அடிபட்டு வந்தவரின் நினைவு நிலையை அளக்க உலகெங்கும் மருத்துவமனைகளில் கிளாஸ்கோ அளவுகோல் பயன்படுகிறது. 1974இல் கிரகாம் டீஸ்டேல், பிரையன் ஜென்னெட் ஆகிய இருவரும் வகுத்தது அது. கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, உடல் அசைவுக்கு 6 என மொத்தம் 15 மதிப்பெண். பேச்சுக்குரிய 5 முழுமையாகக் கிடைக்க வேண்டுமானால், அடிபட்டவர் தாம் யார், எங்கே இருக்கிறார், இது எந்த மாதம் என்பவற்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அசைவுக்குரிய 6 கிடைக்க, சொன்னதைக் கேட்டு அதன்படி செய்ய வேண்டும். முதல் மணி நேரத்திலேயே மூளையின் நிலை பெரும்பகுதி மொழி வழியாகத்தான் அளக்கப்படுகிறது.

பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு வந்த ஒடியா மொழிக்காரர் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்துவிட்டதாகக் கொள்வோம். கேள்வி கன்னடத்தில் வந்தால் அவர் திகைப்பார். அந்தத் திகைப்பு காயத்தால் வந்ததா, மொழி தெரியாததால் வந்ததா? அனுபவமுள்ள மருத்துவர் இந்தச் சிக்கலை அறிவார். உடன் வந்த தொழிலாளியை அழைத்துக் கேட்கச் சொல்வார். அவசரப் பிரிவில் இப்படிச் சமாளித்துவிடலாம். அதன்பின் வரும் மாதங்களுக்கும் ஆண்டுகளுக்கும் இந்தச் சமாளிப்பு போதாது. மூளைக்காயத்திலிருந்து மீட்பது மருத்துவத்தின் பொறுப்பு மட்டுமன்று. பன்மொழி நாடான இந்தியாவில் அது மொழியியலின் பொறுப்பும்கூட. அந்தப் பொறுப்பை மொழியியல் துறைகள் இன்னும் முழு மனத்துடன் ஏற்கவில்லை.

2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் காயமடைந்தோர் 4,43,366 பேர் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. இவர்களில் தலைக்காயம் அடைந்தவர்களோடு பக்கவாதத்தால் மூளை பாதிக்கப்பட்டவர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இவர்களில் ஒரு பகுதியினருக்கு அஃபேசியா எனும் பேச்சிழப்பு நேர்கிறது. அறிவு இருக்கும், நினைவு இருக்கும், சொல் மட்டும் வராது. சிலருக்குச் சொல் வரும், பிறர் சொல்வது விளங்காது. வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் இதைப் புத்தி பேதலிப்பு என்று எண்ணிவிடுவதுதான் முதல் கொடுமை.

இரண்டு மூன்று மொழி அறிந்தவருக்கு இந்த இழப்பு நேர்ந்தால் எந்த மொழி முதலில் திரும்பும்? கேள்வி பழையது. முதலில் கற்றதே நிலைக்கும் என்ற கருத்து, 1881இல் பிரெஞ்சு உளவியலாளர் தியோதுல் ரிபோ எழுதிய நினைவு நோய்கள் பற்றிய நூலின் வழியே பரவியது. 1895இல் ஆல்பெர் பீத்ர் அதை மறுத்தார். காயத்துக்கு முன் ஒருவர் மிகுதியாகப் புழங்கிய மொழியே முதலில் மீளும் என்றார். இரண்டு விதிகளுமே எல்லா நோயாளிகளுக்கும் பொருந்தவில்லை. பலருக்கு எல்லா மொழிகளும் ஒருசேரத் திரும்புகின்றன. சிலருக்கு ஒன்று முந்துகிறது, வேறு சிலருக்கு ஒன்று திரும்புவதேயில்லை. ஆகவே பன்மொழியாளரை அவர் அறிந்த ஒவ்வொரு மொழியிலும் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்பதே மிஷெல் பாரடி உருவாக்கிய இருமொழி அஃபேசியா தேர்வின் அடிப்படை. ஒரு மொழியின் வினாக்களை இன்னொன்றில் மொழிபெயர்த்தால் போதாது, அந்தந்த மொழியின் அமைப்புக்கு ஏற்ப நிகரான வினாக்களைப் புதிதாக ஆக்க வேண்டும் என்பதும் அதன் கொள்கை.

இந்தியாவுக்கு இதன் பொருள் என்ன? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 10,000 பேருக்கு மேல் பேசும் மொழிகளாக 121ஐப் பட்டியலிட்டது. நான்கில் ஒருவர் குறைந்தது இரண்டு மொழி அறிந்தவர். ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் பக்கவாதம் வந்த 608 பேரை ஆராய்ந்து 2016இல் முடிவுகளை வெளியிட்டனர். பக்கவாதத்துக்குப் பின் அறிவாற்றல் இயல்பாக இருந்தவர்கள் இருமொழியாளரில் 40.5 விழுக்காடு; ஒருமொழியாளரில் 19.6 விழுக்காடு மட்டுமே. ஆனால் பேச்சிழப்பைப் பொறுத்தவரை இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பன்மொழி அறிவு சிந்தனைக்குத் துணை நிற்கலாம். பேச்சிழப்புக்கு அது கவசம் ஆகவில்லை.

மொழிபெயர்த்த தேர்வு ஏன் போதாது என்பதற்குத் தமிழே சான்று தரும். ஆங்கில வாக்கியத்தில் எழுவாயை விட்டால் பிழை. தமிழில் 'வந்தான்' என்பதே முழு வாக்கியம். தோன்றா எழுவாய் என்று பள்ளி இலக்கணமே அதற்குப் பெயரிட்டிருக்கிறது. ஆங்கில மதிப்பெண் முறையை அப்படியே கொண்டுவந்தால் நலமாக இருப்பவரும் நோயாளி ஆகிவிடுவார்.

ஆங்கிலம் பேசும் நோயாளிகள் வினையின் ஈற்றை விட்டுவிட்டுச் சொல்லை மொட்டையாகச் சொல்வது பரவலாகப் பதிவாகியுள்ளது. ஹீப்ருவில் அவ்வாறு மொட்டையாக நிற்கும் வடிவம் இல்லாததால், நோயாளிகள் தவறான வடிவம் ஒன்றை மாற்றிப் போடுகிறார்கள் என்று 1984இல் யோசெஃப் க்ரோட்சின்ஸ்கி எடுத்துக்காட்டினார். தமிழின் நிலை வேறு. 'வா' என்ற பகுதி தனித்து நிற்கும். நின்றால் அது ஏவல். மகன் வந்துவிட்டதைச் சொல்ல முயன்று 'மகன்… வா' என்று ஒருவர் நிறுத்தினால், மகனை அழைக்கச் சொல்கிறார் என்று எண்ணி வீட்டார் வாசலுக்கு ஓடக்கூடும். இது எந்த வகைப் பிழை, எத்தனை மதிப்பெண் என்பதைத் தமிழ் இலக்கணம் அறிந்தவரே வகுக்க முடியும்.

எழுத்திலும் இதே கதைதான். மூளையின் வலப்பக்கம் காயம்பட்டவர்களில் சிலர் இடப்பக்கம் இருப்பதைக் கவனிக்கத் தவறுவர். 'கொடி' என்ற சொல்லில் இடப்புற ஒற்றைக்கொம்பு கண்ணுக்குத் தப்பினால் எஞ்சுவது 'காடி'. மெய்க்கு முன்னும் பின்னும் உயிர்க்குறி இடும் எழுத்துமுறைக்கு உரிய சிக்கல் இது. ஆங்கிலத் தேர்வு இதைக் கேட்கவே கேட்காது. பேச்சு வழக்குக்கும் எழுத்து வழக்குக்கும் உள்ள தொலைவையும் மறக்கலாகாது. படத்தைக் காட்டி 'நாற்காலி' என்ற விடையை எதிர்பார்க்கும் தாளில், வாழ்நாள் முழுதும் 'சேர்' என்றே சொல்லி வந்தவருக்கு எந்த மதிப்பெண்?

மதிப்பெண்ணில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் அட்டவணை, பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டை வரையறுக்கும்போது அஃபேசியாவைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. சட்டம் தரும் பல சலுகைகளுக்குக் குறைபாடு 40 விழுக்காட்டை எட்ட வேண்டும். அந்த விழுக்காட்டை எட்டியதா என்பதை ஏதோ ஒரு மொழியில் நடக்கும் சோதனைதான் சொல்ல வேண்டும். சந்தாலியிலோ துளுவிலோ மட்டும் பேசி வாழ்ந்தவருக்குப் பொருத்தமான தேர்வு கிடைக்காவிட்டால், சட்டம் தந்த உரிமை அவர் வாசல்வரை வந்து நின்றுவிடும்.

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொல்வது நியாயமாகாது. மைசூருவில் 1965இல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு கேட்டல் நிறுவனத்தின் ஆய்வாளர்களும் பிறரும் கன்னடம், தெலுங்கு உள்ளிட்ட சில மொழிகளில் அஃபேசியா தேர்வுகளைத் தழுவி ஆக்கியிருக்கிறார்கள். ஆனால் இந்த உழைப்பின் பெரும்பகுதி பேச்சு சிகிச்சையாளர்களின் தோளிலேயே விழுந்திருக்கிறது. 'சிகிச்சையாளர்களே போதவில்லை, இந்தியையோ ஆங்கிலத்தையோ வைத்து ஒப்பேற்றுவதே நடைமுறைக்கு ஏற்றது' என்பார்கள். ஆள் பற்றாக்குறை உண்மைதான். ஆள் குறைவாக இருக்கும் இடத்தில்தான் நல்ல கருவி இன்னும் தேவைப்படுகிறது. தவறான மொழியில் செய்யும் பயிற்சி, கிடைத்த சிறிது நேரத்தையும் வீணாக்கும்.

இந்த மீட்சிக்கு நெடுங்காலம் தேவை. 1943இல் போரில் குண்டு தலையைத் துளைத்த சோவியத் வீரர் ஸசெட்ஸ்கியின் கதையை 1971இல் அலெக்சாண்டர் லூரியா நூலாக வெளியிட்டார். எழுதியதைத் தாமே படிக்கத் தடுமாறிய அந்த மனிதர், ஏறத்தாழ 25 ஆண்டுகளில் 3,000 பக்க நாட்குறிப்பு எழுதினார். எழுத்து எழுத்தாகக் கூட்ட முயன்றபோது கை நகரவில்லை; கையை எடுக்காமல் சொல்லை ஒரே ஓட்டமாக எழுதச் சொன்னபோது வழி திறந்தது. அவருடைய தாய்மொழியில் அவரோடு பொறுமையாக உட்கார ஆள் இருந்ததால் கண்டடைந்த வழி அது.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் மொழியியல் துறைகளில் ஆண்டுதோறும் முதுகலை ஆய்வேடுகளும் முனைவர் பட்ட ஆய்வேடுகளும் எழுதப்படுகின்றன. அவற்றுள் சில, ஒரு மொழியின் அன்றாடப் பேச்சில் மிகுதியாக வழங்கும் சொற்களைத் திரட்டிப் படப் பட்டியல் ஆக்கலாம். சில, எளிதிலிருந்து கடினத்துக்குச் செல்லும் வாக்கிய வரிசையை வகுக்கலாம். எழுத்தறியாதவர் உட்பட நலமாக உள்ளோர் அந்தத் தேர்வில் எவ்வாறு விடையளிக்கிறார்கள் என்று பதிவு செய்யலாம். முடிவுகளைப் பூட்டி வைக்காமல் சிகிச்சையாளர் கையில் இலவசமாகச் சேர்க்கலாம். வேற்றுமை உருபைப் பற்றி ஆயிரம் பக்கம் எழுதத் தெரிந்த துறைக்கு, அந்த உருபைத் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருக்கும் மனிதரிடமும் கடன் உண்டு.