டெலீட் கட்டளையும் கணக்குப்பிள்ளையின் பேனாவும்

பி.காம். பாடத்திட்டத்தில் ஏதோ ஒரு மூலையில் கம்ப்யூட்டர் பேப்பர் ஒன்று இருக்கும். அதில் டேட்டாபேஸ் என்று ஒரு யூனிட். டி.டி.எல்., டி.எம்.எல்., டி.சி.எல். என்று மூன்று தலைப்பு, ஒவ்வொன்றின் கீழும் சில கட்டளைகள். பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி மனப்பாடம், மறுநாள் ஐந்து மார்க், அதற்கடுத்த நாள் மறதி! "இதெல்லாம் பி.சி.ஏ. பசங்க சமாச்சாரம், நமக்கு டெபிட், கிரெடிட் போதும்" என்பதுதான் வகுப்பறையின் பொதுத் தீர்ப்பு.

தீர்ப்பைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது.

யாருக்காக வந்த மொழி?

1970-ல் ஐ.பி.எம்.மில் இருந்த எட்கர் காட், தகவல்களை அட்டவணைகளாக வைத்துக் கையாளலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். 1974-ல் அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் அந்த அட்டவணைகளிடம் கேள்வி கேட்க 'சீக்வெல்' என்ற மொழியை வெளியிட்டார்கள். அந்தப் பெயர் வேறொரு நிறுவனத்தின் டிரேட்மார்க்காக இருந்ததால் பிறகு எஸ்.க்யூ.எல். என்று சுருங்கியது. 1986-ல் அமெரிக்கத் தரநிலை நிறுவனமான ஆன்சி அதை ஏற்றுக்கொண்டது.

அந்த 1974-ம் ஆண்டுக் கட்டுரையில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. கம்ப்யூட்டர் நிபுணர் அல்லாத எவரெல்லாம் இந்த மொழியைப் பயன்படுத்தலாம் என்று ஒரு பட்டியல் வருகிறது. அதில் முதல் பெயரே கணக்காளர்கள்தான்! பந்தியில் முதல் இலை போட்டு அழைத்தவனே கை கழுவிவிட்டுப் போன கதைதான் இன்று நடக்கிறது.

மளிகைக் கடை நோட்டு

ஒரு மளிகைக் கடையின் கடன் நோட்டு டேட்டாபேஸில் இருக்கிறது, 400 பேர் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். நோட்டைப் புரட்டிப் பார்ப்பது செலக்ட். புதிய வரி எழுதுவது இன்சர்ட். இருக்கும் வரியைத் திருத்துவது அப்டேட். அடித்துத் தள்ளுவது டெலீட். நோட்டையே அடுப்பில் போடுவது டிராப். அவ்வளவுதான், பயப்பட ஒன்றுமில்லை.

17-ம் எண்காரர் பாக்கியைக் கட்டிவிட்டார். கட்டளை இப்படி:

அப்டேட் கடன் செட் பாக்கி = 0 வேர் எண் = 17;

கடைசியில் இருக்கும் அந்த 'வேர்' இல்லாமல் என்டர் தட்டினால்? 400 பேருக்கும் பாக்கி பூஜ்யம். தேர்தல் அறிக்கை இல்லாமலே ஊருக்கெல்லாம் கடன் தள்ளுபடி! கட்டளையில் இலக்கணப் பிழை இல்லை என்பதால் கம்ப்யூட்டர் முறைக்காது, தடுக்காது. சொன்னதைச் செய்துவிட்டு '400 வரிகள் மாற்றப்பட்டன' என்று பவ்யமாகச் சொல்லும். பெயருக்கேற்ப அது கட்டளையின் வேர்தான், அதை விட்டுவிட்டால் மரமே சாய்ந்துவிடும்.

மை எஸ்.க்யூ.எல்.லில் இதற்கென்றே 'சேஃப் அப்டேட்ஸ்' என்று ஒரு வசதி உண்டு. இந்த மாதிரி வேர் இல்லாத அப்டேட்டையும் டெலீட்டையும் அது ஏற்காது. அதற்கு அவர்களே வைத்திருக்கும் இன்னொரு பெயர் 'ஐ ஆம் எ டம்மி'! மக்கு என்று ஒப்புக்கொண்டால் பாதுகாப்பு இலவசம் :-)

பற்று இருந்தால் வரவு

1494-ல் வெனிஸில் அச்சான லூகா பாசியோலியின் புத்தகம் விளக்கிய இரட்டைப் பதிவு முறையை முதலாண்டிலேயே படித்துவிடுகிறார்கள். ஒரு பக்கம் பற்று எழுதினால் மறுபக்கம் வரவு எழுத வேண்டும், பாதியில் எழுந்து போகக் கூடாது. டேட்டாபேஸில் இதன் பெயர் டிரான்ஸாக்ஷன். 500 ரூபாயை ஒரு கணக்கில் கழித்து இன்னொன்றில் கூட்டும்போது நடுவில் கரண்ட் போனால், கழித்ததும் செல்லாது. இரண்டும் முடிந்தால் கமிட், இல்லாவிட்டால் ரோல்பேக்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. மை எஸ்.க்யூ.எல்.லில் டிரான்ஸாக்ஷன் தொடங்குவதாகச் சொல்லாவிட்டால், சாதாரண அமைப்பில் ஒவ்வொரு கட்டளையும் அப்போதே கமிட் ஆகிவிடும். பிறகு ரோல்பேக் அடிப்பது, தபால்பெட்டியில் போட்ட கடிதத்தைத் திருத்த நினைப்பது போல.

அழிக்கலாமா?

பேரேட்டில் தப்பு வந்தால் ரப்பர் போடக் கூடாது, சுரண்டக் கூடாது, எதிர்ப்பதிவு போட்டுச் சரிசெய்ய வேண்டும் என்பது கணக்குப்பிள்ளைகளின் பழைய தர்மம். டிரான்ஸாக்ஷன் ஆராய்ச்சிக்காக 1998-ல் டூரிங் விருது பெற்ற ஜிம் கிரே, 1981-ல் எழுதிய கட்டுரையில் இதே தர்மத்தை எடுத்துக்காட்டி, பழையதன் மேலேயே புதியதை எழுதும் பழக்கத்தைச் சந்தேகத்தோடு பார்த்தார். அவருக்கே உதாரணமாக அமைந்தது கணக்காளன்தான்!

இந்தியாவில் இது சட்டமாகவும் ஆகிவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் நிதியாண்டுகளுக்கு, கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்தப் பதிவை நிறுத்தவும் முடியக் கூடாது.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. மென்பொருளின் திரை வழியாக ஒருவர் திருத்தினால் பதிவாகும். அதே ஆள் நேராக டேட்டாபேஸுக்குள் போய் ஒரு அப்டேட் அடித்தால்? வாசலில் வாட்ச்மேன், கொல்லைக் கதவு திறந்து கிடக்கிறது! டேட்டாபேஸ் மட்டத்திலும் பதிவு இருக்கிறதா என்று ஆடிட்டர் கேட்க வேண்டும். கட்டளையே தெரியாதவருக்கு அந்தக் கேள்வி எப்படித் தோன்றும்?

கிராண்ட், ரிவோக் கட்டளைகளும் இப்படித்தான். பணம் வாங்குபவரே பேரேடும் எழுதக் கூடாது என்று ஆடிட்டிங் பாடம் சொல்கிறது. கல்லாவில் இருப்பவருக்கு இன்சர்ட் மட்டும், மேலாளருக்கு செலக்ட் மட்டும், டெலீட் எவருக்கும் இல்லை என்று பிரித்துக் கொடுப்பது அதே பாடத்தின் கம்ப்யூட்டர் வடிவம்.

"அதற்கு ஐ.டி. ஆள் இருக்கிறாரே" என்பார்கள். கட்டளை அடிக்க அவர் போதும். எதை அழிக்கலாம் என்று தீர்மானிக்க அவர் மட்டும் போதாது. வாடிக்கையாளர் தன் விவரங்களை நீக்கச் சொல்லிக் கேட்கும் உரிமை 2023-ல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. வேறு சட்டங்களோ கணக்கை இத்தனை ஆண்டு வைத்திரு என்கின்றன. போன் நம்பரை நீக்கலாம், அவருக்குப் போட்ட பில்லை நீக்கலாமா? இது கணக்கும் சட்டமும் படித்தவர் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

ஆகவே 'டி.எம்.எல். கட்டளைகள் நான்கினைப் பட்டியலிடுக' என்ற ஐந்து மார்க் கேள்வியை மாற்றட்டும். 'இந்தக் கட்டளையை அடித்தால் எத்தனை பேர் பாக்கி மாறும்? ஆடிட்டருக்கு எப்படித் தெரியும்?' என்று கேட்கட்டும். பழகிப் பார்க்க எஸ்.க்யூ.லைட், மரியா டிபி எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன.

பழகுகிறவர்களுக்கு ஒரே ஒரு வழக்கம் போதும். அப்டேட்டோ டெலீட்டோ அடிக்கும் முன், அதே 'வேர்' பகுதியை வைத்து முதலில் ஒரு செலக்ட் அடியுங்கள். ஒரு வரி வர வேண்டிய இடத்தில் 400 வரி வந்தால், என்டரிலிருந்து கையை எடுத்துவிடுங்கள்.