மாத்திரை கொடுத்தால் மட்டும் போதுமா?

கிருலப்பனையிலும் அயலில் உள்ள வெள்ளவத்தையிலும் நாய் வளர்க்கும் வீடுகள் பல. பத்து வயதைக் கடந்த நாய்களை அவ்வீடுகளில் இன்று சாதாரணமாகக் காணலாம். தடுப்பூசியும் நல்ல உணவும் அவற்றின் ஆயுளை நீட்டியுள்ளன. ஆயுள் நீண்டதால், மனிதருக்கு வருவதைப் போலவே சலரோகம், தைரொயிட் குறைபாடு, குஷிங் நோய் முதலான ஓமோன் நோய்களும் அவற்றுக்கு வருகின்றன. நோயைக் கண்டறிவதற்குப் பணத்தைச் செலவிடும் நாம், சிகிச்சை தொடங்கிய பின்னர் அதைக் கண்காணிப்பதற்கு அதே அக்கறையைக் காட்டுவதில்லை. இது ஆபத்தான அலட்சியம் என்பதே என் கருத்து.

குஷிங் நோயையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்க மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஹார்வி குஷிங் 1932இல் மனிதரில் விவரித்த இந்நோய் நாய்களில் மிகக் கூடுதலாகக் காணப்படுகிறது. நோயுற்ற நாய்களில் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவற்றில், மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பியில் தோன்றும் கட்டியே காரணம். அதன் தூண்டுதலால் அதிரினல் சுரப்பிகள் கோட்டிசோல் என்னும் ஓமோனை அளவுக்கு மீறிச் சுரக்கின்றன. நாய் ஓயாது நீர் குடிக்கும், அடிக்கடி சிறுநீர் கழிக்கும், எவ்வளவு உண்டாலும் பசி அடங்காது. வயிறு தொங்கும், மயிர் உதிரும், மூச்சிரைக்கும். பலர் இதை முதுமையின் இயல்பென எண்ணி விட்டுவிடுகின்றனர்.

இதற்கு இன்று பெரிதும் வழங்கப்படும் மருந்து ட்ரைலோஸ்டேன். அது கோட்டிசோல் உற்பத்தியைத் தடுக்கிறது. தடை அளவாக இருந்தால் நாய் நலம் பெறும். அளவு மீறினால் கோட்டிசோல் வற்றி, முன்னைய நோய்க்கு நேரெதிரான அடிசன் நிலை உண்டாகும். வாந்தி, வயிற்றோட்டம், தளர்ச்சி என்று தொடங்கி உயிரிழப்பு வரை அது செல்லலாம். இங்கேதான் வீட்டார் ஏமாறுகின்றனர். அகோரப் பசியோடு இருந்த நாய் உணவை ஒதுக்கத் தொடங்கியதும், மருந்து வேலை செய்கிறது என்று மகிழ்கின்றனர். பசி மிதமாவது நல்லது. ஆனால் உணவை முற்றாக மறுப்பது அபாய அறிவிப்பு. அத்தகைய வேளையில் மாத்திரையை நிறுத்தி, அன்றைக்கே மிருக வைத்தியரை நாட வேண்டும்.

ஆகவேதான் மருந்து தொடங்கிய 10 முதல் 14 நாட்களுக்குள் ஒருமுறையும், ஏறத்தாழ நான்கு வாரங்களில் மறுமுறையும், பின்னர் மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் சோதனை செய்ய வேண்டும் என்பது வழக்கமான விதி. மாத்திரை கொடுத்து நான்கு முதல் ஆறு மணித்தியாலங்களுக்குள் இரத்தம் எடுத்து, அதிரினல் சுரப்பியைத் தூண்டும் ஊசியை ஏற்றி, ஒரு மணித்தியாலத்தின் பின் மீண்டும் இரத்தம் எடுப்பர். அந்த ஊசிமருந்து விலை கூடியது. எங்கும் எப்போதும் கிடைப்பதும் இல்லை. 2022இல் டொலர் தட்டுப்பாட்டால் மனிதருக்கான மருந்துகளே அருகிப்போன நாடு இது. அத்தகைய நாட்டில் நாய்க்கு இத்தனை இரத்தப் பரிசோதனை தேவையா என்று ஒருவர் கேட்டால், அக்கேள்வியை நாம் எளிதில் தள்ளிவிட முடியாது.

ஆனால் அதற்கும் விடை உண்டு. கண்காணிப்பின்றி வாங்கும் மாத்திரையே பெரும் விரயம். பணமும் போகிறது, நாயும் போகிறது. மேலும் மனித வைத்தியம் நாய்களுக்குப் பெரிதும் கடன்பட்டது. 1921இல் டொரொன்டோ நகரில் பான்ரிங், பெஸ்ட் ஆகிய இருவரும் நாய்களில் செய்த சோதனைகளே இன்சுலினை உலகுக்குத் தந்தன. இன்று எமது வீடுகளில் சலரோகத்திற்கு இன்சுலின் ஏற்றிக்கொள்ளும் ஒவ்வொருவரும் அக்கடனில் பங்குடையவரே.

செலவைக் குறைக்கவும் வழி உண்டு. கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வு, தூண்டும் ஊசியின்றி, மாத்திரை கொடுப்பதற்கு முன்னர் எடுக்கும் கோட்டிசோல் அளவும் சிகிச்சையை மதிப்பிட உதவும் என்று காட்டியது. அதை வைத்தியர் தனியே பார்த்து முடிவெடுப்பதில்லை. நாய் எப்படி இருக்கிறது என்று வீட்டார் கூறுவதையும் சேர்த்தே எடைபோடுகிறார். எனவே வீட்டாரின் குறிப்பேடும் சோதனையின் ஒரு பகுதியாகிவிடுகிறது.

அக்குறிப்பேட்டுக்கு வேண்டியது ஓர் அப்பியாசக் கொப்பியும் ஒரு லீற்றர் போத்தலும் மாத்திரமே. நாளொன்றுக்கு ஒரு கிலோ உடல்நிறைக்கு 100 மில்லிலீற்றருக்கு மேல் நாய் நீர் குடித்தால் அது மிகை. பத்துக் கிலோ நாய்க்கு அது ஒரு லீற்றர். பூச்சட்டித் தட்டிலும் குளியலறை வாளியிலும் குடிப்பதைத் தடுத்து, அளந்து வைத்த நீரை மட்டும் கொடுத்தால் கணக்குப் பிழைக்காது. குடித்த நீர், உண்ட உணவு, மாத்திரை கொடுத்த நேரம், வாரம் ஒருமுறை நிறை என்பவற்றை எழுதிவைத்தால் வைத்தியருக்கு அது பேருதவி. சலரோக நாய்க்கும் இது பொருந்தும். ஆனால் மனிதருக்கான குளுக்கோமீற்றர் நாயின் இரத்தத்தில் உண்மை அளவிலும் குறைத்தே பெரும்பாலும் காட்டும் என்பதை நினைவில் வைத்து, இன்சுலின் அளவை வைத்தியரிடம் கேளாமல் மாற்றாதிருக்க வேண்டும்.

மற்றொரு எச்சரிக்கையும் அவசியம். நாயின் தோல் அரிப்புக்குப் பிரெட்னிசொலோன் மாத்திரையை மாதக்கணக்கில் கொடுப்பவர்கள் உள்ளனர். அதுவே குஷிங் நோயை உண்டாக்கவல்லது. அதைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. வைத்தியரின் சொற்படி படிப்படியாகவே குறைக்க வேண்டும்.

மிருக வைத்தியர்களிடம் ஒரு வேண்டுகோள். மருந்துச்சீட்டில் மருந்தின் பெயரை எழுதும்போதே அடுத்த இரத்தப் பரிசோதனையின் திகதியையும், மருந்தை நிறுத்த வேண்டிய அறிகுறிகளையும் தமிழிலோ சிங்களத்திலோ எழுதிக் கொடுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடம் அத்தகைய ஒரு பக்கத் துண்டுப்பிரசுரத்தை மும்மொழியிலும் ஆக்கித் தந்தால் நாடு முழுவதும் பயன்பெறும். வீட்டாரோ அந்தத் திகதியை நாட்காட்டியில் குறித்துவைத்து, கொப்பியையும் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். தனக்கு என்ன செய்கிறது என்று நாய் வாய்திறந்து சொல்லப்போவதில்லை. அதற்காக எழுதிவைப்பவர் வீட்டில் ஒருவராவது இருக்கட்டும்.