லைட் ஹெவிவெயிட்டில் யார் பெரிய ஆள்?

போன ஞாயிற்றுக்கிழமை பேக்கரியில் டீ குடிக்கும்போது ஆரம்பித்த சண்டை இது. வாய்ச்சண்டைதான், பயப்படாதீர்கள் :-)

'சார்பட்டா பரம்பரை' (2021) பார்த்ததிலிருந்து எங்கள் செட்டில் எல்லோருக்கும் குத்துச்சண்டைப் பைத்தியம். "முகமது அலிதான் எல்லாக் காலத்துக்கும் பெரிய ஆள்" என்றான் நண்பன். 1980ல் அலி சென்னை நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு கண்காட்சிச் சண்டை போட்ட கதையையும் எடுத்து விட்டான். சரி, ஹெவிவெயிட்டில் நான் மறுக்கவில்லை. ஆனால் 1960 ரோம் ஒலிம்பிக்கில் அலி (அப்போது காசியஸ் கிளே) தங்கம் வாங்கியது லைட் ஹெவிவெயிட்டில். தொழில்முறையில் அது 175 பவுண்டு, அதாவது சுமார் 79.4 கிலோ வரை உள்ள பிரிவு. அங்கே அலி நிற்கவில்லை, மேலே போய்விட்டார். அப்படியானால் அந்தப் பிரிவில் யார் பெரிய ஆள்?

இதோ என் பட்டியல். இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் பிவோல், பெதெர்பியேவ் போன்றவர்களைச் சேர்க்கவில்லை.

5. ராய் ஜோன்ஸ் ஜூனியர். வேகத்தில் இவருக்கு இணை கிடையாது. 2003ல் ஜான் ரூயிஸை வென்று ஹெவிவெயிட் பட்டமும் வாங்கினார். 2004ல் டார்வரிடம் நாக் அவுட் ஆனதுதான் இடிக்கிறது.

4. பாப் ஃபாஸ்டர். 1968 முதல் 1974 வரை சாம்பியன். இவருடைய இடது கையில் மாட்டியவர்கள் எழுந்தது அபூர்வம். ஆனால் ஃப்ரேசியர், அலி என்று ஹெவிவெயிட் பக்கம் போனபோதெல்லாம் அடி வாங்கித் திரும்பினார்.

3. மைக்கேல் ஸ்பிங்க்ஸ். இந்தப் பிரிவில் தோற்றதே இல்லை. 1985ல், அதுவரை தோல்வியே காணாத லாரி ஹோம்ஸை வென்று, பதவியில் இருக்கும்போதே ஹெவிவெயிட் பட்டம் வாங்கிய முதல் லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார்.

2. ஆர்ச்சி மூர். 130க்கும் மேல் நாக் அவுட். பட்டத்துக்காக ஏறக்குறைய 17 வருடம் காத்திருந்து 1952ல்தான் வாங்கினார். 1958ல் யுவான் டுரெல் முதல் ரவுண்டிலேயே மூன்று முறை கீழே தள்ளியும், எழுந்து வந்து 11வது ரவுண்டில் அவரையே சாய்த்தார்.

1. எஸார்ட் சார்ல்ஸ்.

இங்கேதான் நண்பன் டீ கிளாஸை டொக்கென்று வைத்தான். "டேய், அந்தாளு லைட் ஹெவிவெயிட் சாம்பியனே இல்லையேடா! பெல்ட் இல்லாதவன் எப்படி நம்பர் ஒன்?"

நியாயமான கேள்வி. சார்ல்ஸுக்கு அந்தப் பட்டத்துக்கு மோதும் வாய்ப்பே கொடுக்கப்படவில்லை. ஆனால் ஆர்ச்சி மூரை 1946, 47, 48 என்று மூன்று முறை வென்றார், மூன்றாவது நாக் அவுட். பட்டம் வைத்திருந்த ஜோயி மேக்ஸிமை வென்றிருக்கிறார், கஸ் லெஸ்னவிச்சையும் வென்றிருக்கிறார். அந்தக் காலத்துப் பட்டக்காரர்களில் மூன்று பேர் இவரிடம் தோற்றவர்கள். பிறகு ஹெவிவெயிட் சாம்பியனாகி 1950ல் ஜோ லூயிஸையும் வென்றார்.

"மூருக்கு அப்ப வயசாயிடுச்சுடா" என்றான். எப்படி? அதற்கு ஆறு வருடம் கழித்துத்தான் மூர் பட்டமே வாங்கினார், ஏறக்குறைய பத்து வருடம் வைத்திருந்தார். 1946ல் கிழவர் என்றால் 1958ல் என்னவாம்?

நம்ம திருப்பூர்க்காரனுக்கு இது புரியாமல் போகலாமா? ஒரே கம்பெனி, ஒரே துணி, ஒரே டெய்லர் தைத்த பனியன். லேபிள் வைத்தது கப்பலேறிப் போகிறது. ஆர்டர் கேன்சலானால் லேபிள் இல்லாமல் காதர்பேட்டையில் குவிகிறது. வெளியூர்க்காரர் லேபிளைப் பார்ப்பார். நாம் துணியைத் தொட்டுப் பார்ப்போம், தையலைத் திருப்பிப் பார்ப்போம். சார்ல்ஸ் காதர்பேட்டை பனியன். பெல்ட் என்பது லேபிள், யாரை வென்றான் என்பதுதான் துணி.

நம்ம நாட்டிலும் இந்த எடையில் ஆட்கள் உண்டு. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சுமித் சங்வான் 14-15 என்று ஒரே புள்ளியில் பிரேசிலின் யமகுச்சி ஃபால்காவோவிடம் தோற்றார். இந்தியா முறையிட்டும் பலன் இல்லை. ஃபால்காவோ வெண்கலத்தோடு ஊர் திரும்பினார். 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் 81 கிலோ பிரிவில் வெள்ளி வாங்கியவர் தினேஷ் குமார். கடனை அடைக்க அவர் குல்ஃபி விற்கிறார் என்று 2021ல் செய்தி வந்தது. அர்ஜுனா விருது வாங்கியவர்! அந்தச் செய்தியைப் படிக்கும்வரை அவர் பெயரே எனக்குத் தெரியாது என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

அதனால்தான் இந்தப் பட்டியல் எனக்கு வெறும் பொழுதுபோக்காகத் தோன்றவில்லை. பெல்ட்டை மட்டும் எண்ணினால் சார்ல்ஸ் விடுபட்டுப் போவார். தங்கத்தை மட்டும் எண்ணினால் சுமித்தும் தினேஷும் விடுபட்டுப் போவார்கள். பரீட்சை மார்க்கை மட்டும் எண்ணினால்... வேண்டாம், அது என் சொந்தக் கதை.

நண்பன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த ஞாயிறு இரண்டாவது ரவுண்டு. டீ காசு தோற்றவன் தலையில்!