நீதிமன்றக் கட்டளை நமக்கு மட்டுந்தானா?

நாட்சம்பளம் 1,700 ரூபா என்று வெளியான வர்த்தமானி அறிவித்தலுக்கு 2024 ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அது நமக்குக் கசப்பாகவே இருந்தது. ஆனாலும் கட்டளை கட்டளைதான் என்று ஏற்றுக்கொண்டு, பழைய சம்பளத்துக்கே மலையேறினோம்.

அதே நீதிமன்றம் அரசாங்கத்துக்கு இட்ட கட்டளை என்னவானது என்பதையும் நாம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

உள்ளூராட்சித் தேர்தல் 2023 மார்ச் 9ஆம் திகதி நடக்கவிருந்தது. அதற்கான பணத்தைப் பாராளுமன்றம் வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கியிருந்தது. ஆனால், காசு இல்லை என்று சொல்லித் திறைசேரி கையை விரித்தது. மார்ச் 3ஆம் திகதி உயர் நீதிமன்றம், ஒதுக்கிய பணத்தை நிறுத்திவைக்கக் கூடாதென இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. அதன் பிறகும் பணம் வரவில்லை. ஏப்ரல் 25ஆம் திகதிக்குத் தள்ளிவைத்த தேர்தலும் நடக்கவில்லை. பணம் ஒதுக்கிய பாராளுமன்றத்தின் முடிவும், அதைக் கொடுக்கச் சொன்ன நீதிமன்றத்தின் உத்தரவும் ஒருங்கே மீறப்பட்டன.

நிதி அமைச்சராகவும் இருந்த அன்றைய ஜனாதிபதியும் தேர்தல் ஆணைக்குழுவும் மக்களின் அடிப்படை உரிமையை மீறியதாக 2024 ஆகஸ்ட் 22ஆம் திகதி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தேர்தல் நடந்ததோ 2025 மே 6ஆம் திகதி. இரண்டு வருடங்களுக்கு மேலாக, நாம் தெரிவுசெய்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லாமல் அதிகாரிகளே சபைகளை நடத்தினார்கள்.

இந்த இழப்பு மலையகத்துக்குச் சிறியதல்ல. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைப் பணத்தைத் தோட்டங்களுக்குள் செலவிடத் தடையாக இருந்தது. நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2018இல்தான் அது திருத்தப்பட்டது. நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை எனப் புதிய சபைகளும் அந்தக் காலத்தில்தான் கிடைத்தன. லயத்துப் பாதைக்கும் குடிதண்ணீருக்கும் சபையில் எழுந்து பேசும் உரிமை கைக்கு வந்து ஐந்தே வருடங்களில் அந்தக் கதவு மூடப்பட்டது.

நீதிமன்றத்திடம் படையுமில்லை, பணப்பெட்டியுமில்லை. எல்லோரும் கீழ்ப்படிவதுதான் அதன் பலம். மேலே இருப்பவர்கள் உத்தரவைத் தூக்கி ஓரமாக வைத்தால், கீழே இருப்பவர்களும் அதைத்தான் கற்றுக்கொள்வார்கள். சேமலாப நிதி நிலுவையையும் சேவைக்காலப் பணத்தையும் கட்டும்படி நாளை ஒரு நீதிமன்றம் உத்தரவிட்டால், நிர்வாகமும் "காசு இல்லை" என்றே சொல்லும். பணமும் பதவியும் உள்ளவனுக்குச் சட்டம் இல்லாவிட்டாலும் பிழைப்பு உண்டு. நமக்குச் சங்கத்தையும் சட்டத்தையும் விட்டால் வேறு துணையில்லை.

தேர்தலுக்கு ஒதுக்கிய பணத்தை எந்த அமைச்சரும் அதிகாரியும் தடுக்க முடியாதபடி சட்டம் வரவேண்டும். நீதிமன்ற உத்தரவை மீறுபவர் எந்தப் பதவியில் இருந்தாலும் அவரே நேரில் பதில் சொல்ல வேண்டும். எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் நமது கோரிக்கை இதுதான்.

தோழர்களே, தோட்டக் கமிட்டிக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். வாக்குக் கேட்டு லயத்துக்கு வருபவர்களிடம் இதையும் கேளுங்கள்.