கொக்கு இல்லை, மடையான்

தை பிறந்து இரண்டாம் நாள். காலை ஆறரை மணிக்கு ஊரப்பாக்கம் ஏரிக்கரையில் நின்றுகொண்டிருந்தோம், நானும் எங்கள் தெருப் பிள்ளைகள் ஆறு பேரும். பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்காகப் போயிருந்தோம். 2015 முதல் ஆண்டுதோறும் தமிழ்நாடு முழுக்க இது நடக்கிறது. பொங்கல் நாட்களில் நாம் எங்கே இருக்கிறோமோ அங்கேயே குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ணில் படும் பறவைகளை எண்ணி இ-பேர்ட் தளத்தில் பதிவு செய்தால் போதும்.

எண்ணுவதில் பிள்ளைகள் சூரர்கள். பெயரில்தான் சிக்கல். வெள்ளையாக இருந்தால் கொக்கு, கறுப்பாக இருந்தால் காக்கா. மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் வண்டலூர் பூங்காவின் வெள்ளைப்புலியை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். தங்கள் ஏரியில் நிற்கும் பறவையின் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. என் நிலையும் பெரிதாக மேலில்லை. கைப்பேசியில் படத்தைத் தேடித் தேடிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தோளில் துண்டோடு நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு பெரியவர் எங்களைப் பார்த்து நின்றார்.

"அந்தக் கல்லு ஓரமா பாருங்கடா கண்ணு. என்ன நிக்குது?"

"ஒண்ணுமே இல்லையே தாத்தா."

"இருக்கு. நல்லாப் பாரு."

பார்த்தோம். சேற்று நிறத்தில், கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு, கல்லோடு கல்லாக ஒன்று உட்கார்ந்திருந்தது. அவர் கையை ஒரு தட்டுத் தட்டினார். அது எழும்பியது. எழும்பிய அந்த நொடியில் இறக்கை இரண்டும் பளீரென்று வெள்ளை! பழுப்பு உடம்புக்குள் அவ்வளவு வெள்ளையையும் மடித்து வைத்திருந்திருக்கிறது. பிள்ளைகள் கத்திய கத்தலில் கரையிலிருந்த மற்றதெல்லாம் பறந்துவிட்டது.

"இது மடையான். மடைவாயில நின்னு மீன் பிடிக்கும், அதான் அந்தப் பேரு," என்றார்.

அதன் பிறகு கணக்கெடுப்பை அவரே நடத்தினார். கறுப்புக் காலில் மஞ்சள் விரல் போட்டிருந்தால் சின்னக் கொக்கு. அந்த மஞ்சள் விரலைத் தண்ணீருக்குள் விட்டுக் கலக்கும், பயந்து ஓடும் மீனைக் கொத்தும். மாட்டுக்குப் பின்னால் போவது உண்ணிக்கொக்கு. ஆளைக் கண்டதும் கூச்சல் போட்டு ஊரைக் கூட்டுவது ஆட்காட்டி. கரையோரப் புதரில் கும்பலாகச் சலசலப்பது தவிட்டுக்குருவி. ஒன்றைக்கூட அவர் யோசித்துச் சொல்லவில்லை. செய்யாறு பக்கத்துக் கிராமத்தில் ஏரிப்பாசன நிலத்தில் வளர்ந்தவர். முப்பது வருடம் தொழிற்சாலையில் வேலை பார்த்து, ஓய்வுபெற்று, மகன் வீட்டோடு இங்கே இருக்கிறார்.

விடைபெறும்போதுதான் முகம் பிடிபட்டது. எங்கள் கிளை நூலகத்தில் செய்தித்தாள் மேசையில் தினமும் எனக்கு எதிரில் உட்காருகிறவர். மூன்று வருடமாக அவரும் நானும் ஒரே செய்தித்தாளின் வெவ்வேறு தாள்களைப் படித்து வந்திருக்கிறோம். ஒரு வார்த்தை பேசியதில்லை.

அன்றிலிருந்து இந்த எண்ணம் என்னை விடவில்லை. நூலகத்துக்கும் ஏரிக்கும் நடுவில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் ஏற்கெனவே நூலகத்துக்குள்தான் உட்கார்ந்திருக்கிறார்.

புத்தகமும் உயிரினங்களும் ஒரே வளாகத்தில் இருந்த காலம் சென்னைக்கு உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பிலிருந்த எட்வர்டு பால்ஃபர், உயிருள்ள விலங்குகளைப் பார்க்கக் கூட்டம் வருவதைக் கவனித்தார். கர்நாடக நவாபிடம் பேசி அவருடைய விலங்குகளையும் வாங்கி, 1855இல் அங்கேயே விலங்குக்காட்சியகம் தொடங்கினார். பின்னாளில் கன்னிமாரா நூலகமாக வளர்ந்த புத்தகச் சேகரிப்பும் 1860களின் தொடக்கத்தில் அதே அருங்காட்சியகத்தில்தான் முளைத்தது. 1863இல் விலங்குகள் சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. 1985இல் வண்டலூர் காட்டுக்கு வந்தன. புத்தகங்கள் எழும்பூரிலேயே தங்கிவிட்டன. நம் பக்கம் விலங்குகள் வந்து நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. அவற்றைத் தொடர்ந்து புத்தகமும் வரவேண்டியதுதான் முறை.

நூலகம் கட்டடத்தை விட்டு வெளியே போவதும் நமக்குப் புதிதில்லை. 1931இலேயே மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டுபோனார்கள். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதனின் முயற்சியால் 1948இல் சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் இங்கேதான் வந்தது. வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்து காசு நூலக வரியாக இன்றும் நாம் கட்டுகிறோம். மாட்டுவண்டி போன மண்ணில், நூலக வாசலிலிருந்து ஏரிக்கரைக்கு ஒரு கூட்டம் நடந்து போவது பெரிய காரியமா?

இயற்கையாளர் என்றால் பட்டம் பெற்று வெளியிலிருந்து வரவேண்டியவர் என்று நினைக்கிறோம். நம் செங்கல்பட்டு மாவட்டத்தின் வேடந்தாங்கலைப் பாருங்கள். பறவையின் எச்சம் ஏரித்தண்ணீரில் கலந்து வயலுக்கு உரமாகிறது என்பது அந்த ஊர் விவசாயிகளுக்குத் தெரிந்திருந்தது. பறவைகளைச் சுடக்கூடாது என்று அவர்கள் கேட்டு, 1798இல் கலெக்டர் லயோனல் பிளேஸ் பாதுகாப்பு உரிமை எழுதிக் கொடுத்தார். சரணாலயம் என்ற சொல் வருவதற்கு முன்பே அங்கே இயற்கையாளர்கள் இருந்தார்கள். அப்படிப்பட்ட மனிதர்களின் பிள்ளைகளும் பேரர்களும் இன்று திண்டிவனம், செய்யாறு, விழுப்புரம் என்று பல பக்கங்களிலிருந்தும் வந்து ஜி.எஸ்.டி. சாலையின் இருபுறமும் குடியேறியிருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்ததைக் கேட்கத்தான் இங்கே ஆளில்லை. அவர்கள் போனால் அந்தப் பெயர்களும் போய்விடும்.

பெயர் தெரியாத ஏரி வெறும் காலி இடமாகத்தான் கண்ணுக்குத் தெரிகிறது. காலி இடத்துக்கு என்ன நடக்கும் என்பது புறநகரில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோதுதான், அடையாறு நம் வீட்டுப் பக்கம்தான் ஓடுகிறது என்பதே நம்மில் பலருக்குத் தெரிந்தது. தண்ணீர் கழுத்துக்கு வந்த பிறகு ஓர் ஆற்றை அறிமுகம் செய்துகொள்வது எவ்வளவு பெரிய துயரம்!

பொங்கல் முடிந்த வாரம் பிள்ளைகளை நூலகத்துக்கு அழைத்துப்போனேன். பெரியவர் வழக்கமான இடத்தில் இருந்தார். நூலகர் அம்மா பறவைப் புத்தகம் ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒரு படத்தில் விரலை வைத்து நிறுத்தினார். "ஆங், இதான்!" என்று எட்டு வயதுப் பெண் ஒருத்தி அவருக்கு முன்பே சொல்லிவிட்டாள். இயற்கையாளர் மா. கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' அங்கே இருந்தது. அவளுடைய அண்ணன் அதை வீட்டுக்கு எடுத்துப் போனான்.

இதைப் பெரிய திட்டமாக்கி யாரும் அறிவிக்கக் காத்திருக்க வேண்டாம். பெரும்பாலான கிளை நூலகங்களில் நூலகர் ஒருவரே எல்லாம் பார்க்கிறார். அவர் தலையில் இதையும் ஏற்றுவது நியாயமில்லை. வாசகர் வட்டம் எதற்கு இருக்கிறது? மாதம் ஒரு ஞாயிறு, காலை ஆறரைக்கு நூலக வாசலில் கூடி ஏரிக்கு நடப்பது, நூலகம் திறக்கும் நேரத்துக்குத் திரும்பி வந்து பார்த்ததைப் புத்தகத்தில் தேடுவது. இவ்வளவுதான். அமெரிக்காவில் பல பொது நூலகங்கள் புத்தகத்தைப் போலவே பைனாகுலரையும் கடன் தருகின்றன. நம் நூலகங்களில் ஆயிரம் ரூபாய் கட்டிப் புரவலராகிறவர்கள் நான்கைந்து பேர் சேர்ந்தால் ஊருக்கு ஒரு பைனாகுலர் வாங்கிவிடலாம். அனுமதியை மட்டும் மாவட்ட நூலக ஆணைக்குழு மனமுவந்து கொடுத்தால் போதும்.

வலசைப் பறவைகள் புரட்டாசி வாக்கில் வரத் தொடங்கிவிடும். அதற்குள் ஒரு நாள் உங்கள் தெரு நூலகத்துக்குப் போங்கள். செய்தித்தாள் மேசையில் எதிரில் இருப்பவரிடம், "ஐயா, உங்க ஊர் ஏரியில என்னென்ன பறவை வரும்?" என்று கேளுங்கள். கேட்கும்போது ஒரு குழந்தையையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.